அடுத்த நிகழ்ச்சி மாமா

நங்கநல்லூரில் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஜோசியரிடம் போக வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பால் பூத் பக்கம் போய் நின்றால் போதும், மாமா வருவார். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் போன வருஷத்து வங்கி டைரி. "சாயங்காலம் ஆறரைக்கு ராமாயண உபன்யாசம், நாலாவது மெயின் ரோடு. ஏழு மணிக்குப் பள்ளிக்கூட ஹால்ல நாடகம். ஏழேகாலுக்குப் பிள்ளையார் கோவில்ல வீணை. மூணும் அனுமதி இலவசம்." 32 அடி உயரத்தில் நின்று ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும் நம்ம ஆஞ்சநேயருக்குக்கூட இவ்வளவு விவரம் தெரியுமா என்பது சந்தேகம்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்க அவர் "அடுத்த நிகழ்ச்சி மாமா"தான். இது நங்கநல்லூரின் தனிச் சொத்தும் இல்லை. குரோம்பேட்டையில் ஒருவர், மடிப்பாக்கத்தில் ஒருவர், அம்பத்தூரில் இரண்டு பேர் என்று சென்னைப் புறநகர் எங்கும் இந்த இனம் பரவியிருக்கிறது. நான் பக்கத்திலிருந்து பார்த்தது எங்கள் மாமாவை மட்டும்.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் மாமா ஓர் அரசு அலுவலகத்தின் டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்தார். வந்த தபாலைப் பிரிக்காமல் அடுத்த இடத்துக்கு அனுப்புவதுதான் 34 வருஷ வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அதையேதான் செய்கிறார். தபாலுக்குப் பதில் கச்சேரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த டைரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருஷத்து டைரியில் கிழமைகளை மட்டும் சிவப்பு மையால் திருத்தி வைத்திருப்பார். சபா அச்சடித்த நிரல், கோவில் சுவரில் ஒட்டிய நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுக்குள் வந்து விழும் இலவசப் பத்திரிகையின் கத்தரிப்பு எல்லாம் அதில் பிசின் போட்டு ஒட்டப்பட்டிருக்கும். இது போக, 17 வாட்ஸ்அப் குழுக்கள். அதில் ஒன்று, அவர் வசிக்காத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புடையது. அந்தக் குடியிருப்பின் பொங்கல் விழா மாறுவேடப் போட்டிக்கு யார் நடுவர் என்பது அங்கே குடியிருக்கிறவர்களைவிட இவருக்கு முன்னால் தெரியும்.

ஒரு நோட்டீஸைக் கொடுத்தால் மாமா படிக்கும் வரிசையே தனி. முதலில் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் "அனுமதி இலவசம்". பிறகு இடம். பிறகு நேரம். பாடுகிறவர் யார் என்று பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

ஆனால் நேரத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. "மாலை 6.30 மணிக்குச் சரியாக" என்று போட்டிருந்தால் ஏழே கால். 'சரியாக' இல்லாவிட்டால் ஆறே முக்கால். சிறப்பு விருந்தினர் உண்டென்றால் பொன்னாடை ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்று கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்வார். இதில் அவர் தப்பி நான் பார்த்ததில்லை.

அதே போல, எந்த மாதத்தில் எவ்வளவு விழா வரும் என்பதைப் பஞ்சாங்கத்தை வைத்தே சொல்லிவிடுவார். இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. புறநகர்ச் சபாக்கள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. பள்ளிக்கூட ஹால், இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபம் காலி. "மாப்பிள்ளை இல்லாத மாசத்துலதான் வித்வானுக்கு மேடை" என்பார். சங்கீதத்தைப் பற்றி அவர் சொன்னவற்றில் நான் மறுக்க முடியாத ஒரே கருத்து இதுதான்.

டிசம்பர் சீசன் எப்படி வந்தது என்று ஒருநாள் அவருக்குச் சொல்லப் போனேன். "1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்துது மாமா. அதையொட்டி ஒரு சங்கீத மாநாடு. அதுலேர்ந்துதான் அடுத்த வருஷம் மியூசிக் அகாடமி..." மாமா டைரியைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அது முடிஞ்சுபோன நிகழ்ச்சிதானேடா?"

முடிந்துபோனது அவருக்கு வேண்டாம். நடந்துகொண்டிருப்பதும் அவ்வளவாக வேண்டாம். ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ரயில் மேடையில் நிற்பவர் முகம் மாதிரி இருக்கும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி முறை எல்லாருக்கும் தெரியும். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விஸ்தாரமாக ஒன்று, தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள் என்று மங்களம் வரை போகும். மாமா வகுத்த முறை சுருக்கமானது. வர்ணம், வாசல்.

அப்படியும் சில நாள் பிரதான ராகம் வரை தாக்குப்பிடிப்பார். அடுத்த இடத்தில் இன்னும் குத்துவிளக்கு ஏற்றவில்லை என்று தகவல் வந்திருக்கும். அந்த நாட்களில் மிருதங்கக்காரர் தனியைத் தொடங்கக் கையைத் தட்டிப் பார்க்கும்போதே மாமா செருப்பைக் கால் விரலால் தேட ஆரம்பித்துவிடுவார். கண்ட சாபு என்றால் ஆட்டோ. ஆதி தாளம் இரண்டு களை என்றால் நடந்தே போய்விடலாம், வழியில் ஒரு காப்பியும் குடிக்கலாம்.

ராகம் கண்டுபிடிப்பதில் ஆள் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாடகர் சஞ்சாரம் தொடங்கிய மூன்றாவது விநாடியில் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் "ஆனந்தபைரவி" என்பார். பாட்டு தொடங்கியதும் அது ரீதிகௌளை என்று தெரியவரும்போது நாற்காலி காலியாக இருக்கும். தவறு தெரிவதற்குள் இடம் மாறிவிடுகிறவரை யார் திருத்துவது? எங்கள் ஊருக்கு இன்னொரு உபத்திரவம் உண்டு. மீனம்பாக்கம் பக்கம் என்பதால், பாடகர் மேல் ஸ்தாயியில் நிற்கிற அழகான இடமாகப் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு விமானம் போகும். பாடகர் சிரித்துக்கொண்டே நிறுத்துவார், சபை அண்ணாந்து பார்க்கும். அது கடந்து போய்த் தலைகள் இறங்கும்போது மாமாவைக் காணோம்.

இப்படிப் பாதியில் எழுந்து போவதால் அவருடைய கலை ஞானத்தில் சில பள்ளங்கள் உண்டு. பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்பு சொல்லும் வரை அவர் இருந்ததே இல்லை. கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் பல ஆயிரம் தடவை தீர்க்கப்பட்டும், அவரைப் பொறுத்தவரை இன்னும் நிலுவையில் இருக்கிறது. ராமாயண நவாகம் என்றால் முதல் நாள் ராம ஜனனத்துக்குப் பாயசம், ஒன்பதாம் நாள் பட்டாபிஷேகத்துக்குச் சர்க்கரைப் பொங்கல். நடுவில் ஏழு நாளும் வேறு வேறு இடங்களில் வேலை. அதனால் அவர் கணக்கில் ராமர் காட்டுக்கே போகவில்லை. பிறந்தார், முடி சூட்டிக்கொண்டார். வீண் மனஸ்தாபம் எதுவும் இல்லாத நல்ல குடும்பம்.

பிரசாதம் என்று வந்தபின் கூடாரவல்லியைச் சொல்லாமல் விடக் கூடாது. மார்கழி 27. திருப்பாவை உபன்யாசத்துக்கு மற்ற நாளெல்லாம் பதினைந்து தலை தெரிந்தால் அதிகம். அன்றைக்கு மட்டும் நெய் முழங்கை வரை வழியும் என்பதால் தெரு வரை வரிசை நிற்கும். மாமா அன்று ஐந்து கோவில் போவார். உள்ளே மங்களம் பாடும்போது வெளியே தொன்னை வரிசையில் முதல் ஆள் அவர்தான். 23 டிகிரிக் குளிருக்குக் காதை மூடிய மப்ளர், தோளில் பை. பையில் தண்ணீர் பாட்டில், விசிறி, எவர்சில்வர் டப்பா ஒன்று, இடம் பிடிக்கக் கைக்குட்டை நாலு. கைக்குட்டைகள் மூன்று சபாக்களில் மூன்று நாற்காலிகளில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும். எந்த இடத்தில் இவர் இல்லையோ, அங்கேயும் இவருடைய கைக்குட்டை கச்சேரி கேட்கும், அதுவும் கடைசி வரை.

மாமி வேறு ரகம். முட்டி வலியால் வெளியே போக முடியாது. யூடியூபில் கச்சேரியைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே முழுசாகக் கேட்பார். ராத்திரி மாமா வந்து, "இன்னிக்கு மூணு கச்சேரி" என்பார். "எப்படி இருந்துது?" என்று மாமி கேட்டால், "நாளைக்கு நாலு" என்று பதில் வரும்.

நகரத்துச் சபாக்களுக்கும் போவதுண்டு. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட், ஆனால் காலையிலும் மத்தியானத்திலும் இளசுகள் பாடும்போது பல இடங்களில் இலவசம். பழவந்தாங்கலில் அஞ்சு ரூபாய்க்கு ரயில் டிக்கெட் எடுத்து மாம்பலத்தில் இறங்குவார். "போக வர பத்து ரூபாய் செலவு பண்றேனே, கலைக்கு இதைவிட என்ன செய்யணும்கறே?"

எங்கள் பேட்டைச் சபா செயலாளருக்கு மாமாவைக் கண்டால் பயம். மேடையில் பாடகர் கண்ணை மூடி ஆலாபனை செய்யும்போது முன் வரிசையில் ஒருவர் எழுந்து கிளம்பினால் பின்னால் நாலு பேருக்குத் தோன்றும், நாமும் கிளம்பலாமோ என்று. ஆனாலும் நிரல் அச்சானதும் முதல் பிரதி மாமாவுக்குத்தான். "அவர் பால் பூத்துல சொன்னாத்தான் சார் நாற்பது நாற்காலி ரொம்பும்" என்று என்னிடமே ஒத்துக்கொண்டார். மாமா சொல்லி வந்த நாற்பது பேரும் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள். சொன்னவர் மட்டும் வேறு எங்காவது இருப்பார்.

கார்த்திகை மாசத்தில் ஒருநாள். பள்ளிக்கூட ஹாலில் பதின்மூன்று வயசுப் பெண்ணின் முதல் கச்சேரி. மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "அரை மணி இருந்துட்டுக் குரோம்பேட்டைக்கு ஓடிடலாம், அங்கே நாடகம்." நாங்கள் உள்ளே நுழையவும் வானம் பொத்துக்கொண்டது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையின் சுபாவம் எல்லாருக்கும் தெரியும். அரை மணிக்குள் அது குளமாகிவிட்டது என்று தகவல் வந்தது. ஹாலில் குழந்தையின் அப்பா, அம்மா, இரண்டு பாட்டிகள், பாட்டு டீச்சர், செயலாளர், மைக் செட் பையன், நாங்கள் இருவர். மீதி எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி.

அந்தக் குழந்தை அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கரஹரப்பிரியாவை எடுத்து, மழைக்கு மேலே குரல் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே பாடியது. தனி ஆவர்த்தனம் வந்ததும் மாமா பழக்கதோஷத்தில் எழுந்து வாசல் வரை போனார். படியில் தண்ணீர். அவர் செருப்பு ஒன்று மிதந்து கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. போன் அடித்தது. "அங்கேயே இருங்கோ, தெருவுல முழங்கால் தண்ணி" என்ற மாமியின் குரல் எனக்கே கேட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தாளம் போட்டார், விட்டார், பாட்டியின் கையைப் பார்த்து மறுபடி பிடித்தார். மிருதங்கக்காரப் பையன் கோர்வையை முடித்தபோது முதலில் கை தட்டியது மாமாதான். துக்கடா இரண்டு ஆயிற்று. டைரி மடியில் மூடியே கிடந்தது. பிறகு அந்தக் குழந்தை தம்பூராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கியது.

மாமா என் பக்கம் சாய்ந்தார். "இது என்னடா, புதுசா இருக்கே? பிரமாதம்!"

"மங்களம், மாமா."

"மங்களகரமாத்தான் இருக்கு, அது எனக்கே தெரியறது. என்ன ராகம்?"

"சௌராஷ்டிரம்."

டைரியைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். "அடுத்தது இதை எங்கே பாடறா?"

"எல்லாக் கச்சேரியிலேயும்தான் மாமா. கடைசியில."

எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "கடைசின்னா எத்தனை மணிக்கு?"