பேய்க்குச் சம்பளம் மிச்சம்

கேள்வி: ரகசியச் சடங்கு, நரபலிக் கூட்டம் என்று வரும் திகில் படங்களின் பலம் என்ன, பலவீனம் என்ன? எங்கள் நீலகிரியில் ஒன்று எடுத்தால் ஓடுமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பலம், பேய்க்குச் சம்பளம் மிச்சம், பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாலே போதும். 1973-இல் வந்த ‘தி விக்கர் மேன்’ படத்தில் ஊரே இனிக்க இனிக்கப் பேசும். வயிற்றைக் கலக்குவது அதுதான். ‘மிட்சோமர்’ (2019) பட்டப்பகலிலேயே பயமுறுத்தியது. மிலிந்த் ராவின் ‘அவள்’ (2017) படத்திலோ ஆண் வாரிசுக்காகப் பெற்ற மகளையே பலியிடத் துணிகிறான் ஒரு தகப்பன். பேயாவது பரவாயில்லை!

பலவீனம், விளக்கவுரை. சடங்கின் பூர்வ கதையை ஒருவர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால் பயம் எழுந்து போய்விடும். தவிர, “அந்தப் பக்கம் போகாதே” என்றால் நாயகன் டார்ச்சோடு அந்தப் பக்கம்தான் போவார்.

நீலகிரியில் தாராளமாக எடுக்கலாம். பனிமூட்டம் இலவசம், வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களும் தயார். ஆனால் பழங்குடியினர் கையில் மண்டை ஓட்டைக் கொடுத்து ‘மர்மக் கூட்டம்’ ஆக்கும் சோம்பேறித்தனம் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இதே மலையில், சூனியக்காரர்கள் என்று பழி சுமத்திக் குறும்பர் என்ற பழங்குடியினரைக் கொன்ற சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சூனியம் வைத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் செத்தார்கள். அதை நம்பியவர்கள் கூட்டம் சேர்ந்து கொன்றார்கள். உண்மையான ரகசியக் கூட்டம் எது என்று புரிந்த இயக்குநர் வந்தால், முதல் டிக்கெட் எனக்கு.