திமிரியிலிருந்து ஒரு ஹிட் பாட்டு: செய்முறைக் குறிப்பு

ஹிட் பாட்டு ஒன்று கொடுத்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்லது. அதற்கு வேண்டியதெல்லாம் திமிரியிலேயே இருக்கிறது: மெட்டுக் கட்ட ஒரு லேப்டாப், பாட ஒரு தொண்டை, குறை சொல்லச் சொந்தக்காரர்கள். 1751-ல் ஆற்காட்டைப் பிடித்த கையோடு ராபர்ட் கிளைவ் திமிரிக் கோட்டைப் பக்கம் படையோடு வந்தார். அதற்குப் பிறகு வெளியிலிருந்து பெரிய சத்தம் எதுவும் இந்த ஊரைத் தேடி வந்ததில்லை. இனி இங்கிருந்து சத்தம் கிளம்ப வேண்டிய முறை.

முதல் வேலை, நாள் பார்ப்பது. சிரிக்காதீர்கள். ‘ஒய் திஸ் கொலவெறி டி’ வெளியானது 2011 நவம்பர் 16. ‘ரவுடி பேபி’ யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தொட்டது 2020 நவம்பர் 16. இரண்டையும் எழுதிப் பாடியவர் தனுஷ். ஆகவே நவம்பர் 16 சுபதினம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிட்டது. அதே தேதியில் வெளியாகி, பாடியவரின் அம்மாவைத் தவிர யாரும் கேட்காத பாட்டுகளை ஒருவரும் எண்ணி வைக்கவில்லை என்பதால் இதை மறுக்கவும் முடியாது. ஹிட் பாட்டின் ரகசியம் என்று டிவியில் அரை மணி நேரம் பேசுகிறவர்கள் எல்லோரும் கையாளும் முறை இதுதான். ஜெயித்த பாட்டை மேஜையில் கிடத்தி அறுத்து, உள்ளே அகப்பட்டதையெல்லாம் ஜெயித்ததற்குக் காரணம் என்பார்கள். தோற்றதை அறுத்திருந்தாலும் அதே குடல்தான் இருந்திருக்கும்.

சொற்களுக்கு வருவோம். முதல் வரிக்கு அர்த்தம் இருக்கக் கூடாது என்பது கோடம்பாக்கத்தின் பழைய நம்பிக்கை. 1994-ல் ‘முக்காலா முக்காபுலா’, 2008-ல் ‘நாக்க முக்க’, 2022-ல் ‘அரபிக் குத்து’ என்று அதற்குச் சாட்சிகளும் உண்டு. ஆனால் அர்த்தமில்லாமல் எழுத உட்கார்ந்து பாருங்கள், அரைமணியில் உங்களுக்கே தெரியாமல் நிலா வந்துவிடும், அதன் பின்னாலேயே கண்மணி வருவாள். என் கணக்கில் சொல்லின் பொருளைவிட முக்கியமான சோதனை வேறொன்று: கெடுத்துப் பாடினாலும் பாட்டு உயிரோடு இருக்க வேண்டும். கல்யாணத்தில் மூன்று ரவுண்டு முடித்த சித்தப்பா பாட வேண்டும், பல் விழுந்த பிள்ளை பாட வேண்டும், இருவரும் பாடுவது இன்ன பாட்டு என்று அடையாளம் தெரிய வேண்டும். ‘கொலவெறி’ இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு. தேர்ந்த பாடகர் ஒருவர் அதைச் சுத்தமாகப் பாடியிருந்தால் நாமெல்லாம் மரியாதையோடு கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருப்போம்.

இரண்டாவது சோதனை கருவி சம்பந்தப்பட்டது. இதை ஊரில் உள்ளவர்கள்தான் சொல்லித்தர முடியும். சென்னையில் பாட்டை விலையுயர்ந்த ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். நீங்கள் அதைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். வேப்பமரத்திலோ மின்கம்பத்திலோ கட்டுகிற அந்தக் குழாயில் அடிச்சத்தம் வராது. நீங்கள் இரவெல்லாம் கண்விழித்துச் சேர்த்த பேஸ் மொத்தமும் கம்பத்தோடு நின்றுவிடும். ஊருக்குள் வந்து சேர்வது குரலும் உடுக்கையின் வெடிப்பும்தான். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் பல பத்தாண்டுகளாக ஆடி மாதம் முழுக்க இந்தப் பக்கத்தை ஆண்டுகொண்டிருப்பது இப்படித்தான். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அந்தக் குரல் குழாயில் ஏறினால், அடுத்த ஊர் வயலில் தண்ணீர் கட்டுகிறவருக்கும் ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேரும். எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் அவை இல்லை, எந்த நடிகரும் அவற்றுக்கு ஆடவில்லை. வருடம் தவறாமல் ஹிட். மைக் செட்காரருக்கு ஒலிப்பதிவுப் பட்டம் யாரும் தரவில்லையே தவிர, எந்தப் பாட்டு ஊரைத் தாண்டும், எது பந்தலிலேயே படுத்துவிடும் என்று கேட்ட பத்தாவது நொடியில் சொல்லிவிடுவார். அவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

முன்னிசை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ரீல்ஸுக்கு அந்த முப்பதே அதிகம். ஒரு நிமிடம் வயலின் வாசித்துவிட்டுப் பாட ஆரம்பிக்க இளையராஜாவால் முடிந்தது. நீங்கள் இளையராஜா இல்லை.

இப்போது பாட்டு தயார். ஊர் வாயில் எப்படி ஏற்றுவது?

இங்கே கொஞ்சம் சரித்திரம். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நம் பக்கத்தில் எது ஹிட் என்று தீர்மானித்தது பெரிய அளவில் இலங்கை வானொலி. கடல் தாண்டி வந்த கே.எஸ். ராஜாவின் குரலுக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலுக்கும் இங்கே நடிகர்களுக்கு இணையான ரசிகர்கள் இருந்தார்கள். பிறகு அந்த அதிகாரம் கேசட் ரெக்கார்டிங் கடைக்காரர் கைக்குப் போனது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய்க் கேசட் வாங்கிய காலம். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். நம் பட்டியல் நாற்பத்தோரு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நாலு நிமிடத்தில் கடைக்காரர் தன் ருசிக்கு ஒரு பாட்டை ஏற்றிவிடுவார். எல்லோர் கேசட்டிலும் அதே பாட்டு. ஆறு மாதத்தில் ஊரே அதை முணுமுணுக்கும், தானாகப் பிடித்தது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வோம். ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல், திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது பிடித்துப்போகும் என்று சோதனை செய்து எழுதினார். நம் ரெக்கார்டிங் கடைக்காரர் அவரைப் படிக்காமலே அதைத் தொழிலாகச் செய்தார்.

இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பஸ் டிரைவர். அதிலும் விடியற்காலையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸின் டிரைவர். அவருடைய பென் டிரைவுக்குச் சமமான ஊடகம் இந்த மாவட்டத்தில் இல்லை. வாரத்துக்கு ஆறு நாள், போக வர இரண்டு வேளை, இறங்கிப் போக முடியாத ரசிகர்கள். காலையில் காதில் விழுந்தது பகல் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் அவர்கள் உதட்டில் ஓடும், சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒட்டும். ஆகவே பார்வைகளை விலைக்கு வாங்கும் ஏஜென்சிக்குக் கொட்டிக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். டிரைவருக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். அமெரிக்காவில் பாட்டுப் போடுவதற்கு ரேடியோக்காரர்கள் காசு வாங்கிய விவகாரம் 1959-ல் வெடித்து, ஆலன் ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளருக்கு வேலையே போனது. டீக்கு அந்த அளவு ஆபத்தில்லை.

ஆனால் உரையாடலுக்குத் தயாராகப் போங்கள்.

“அண்ணா, நம்ம பாட்டு ஒண்ணு இருக்குதுண்ணா. கொஞ்சம் போடுங்கண்ணா.”

“எந்தப் படம்பா?”

“படம் இல்லண்ணா. தனிப் பாட்டு.”

“படமே இல்லாம எப்படிப்பா பாட்டு வரும்? ஹீரோ யாரு?”

இதற்குத் தமிழ்நாட்டில் எளிதான பதில் இல்லை. படம் இல்லாத பாட்டை இங்கே அனாதைப் பிள்ளையைப் போலத்தான் பார்ப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. சிலோன் மனோகர் என்று நாம் அறிந்த ஏ.இ. மனோகரன் ‘சுராங்கனி’யைப் பாடிப் பாப் இசையில் கொடி நாட்டினார், நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார். இங்கேயோ படத்துக்காகப் பாட்டு. ‘கொலவெறி’ பாட்டு உலகம் சுற்றியபோதுகூட அது ‘3’ படத்தின் பாட்டுதான். 2012 மார்ச்சில் அந்தப் படம் வந்தபோது, பாட்டுக்கு இருந்த கூட்டம் படத்துக்கு வரவில்லை. டிரைவரிடம் இந்த உதாரணத்தைச் சொல்லிப் பயனில்லை. “ஹீரோ தனுஷ்தானேப்பா?” என்பார்.

சரி, டிரைவர் போட்டும்விட்டார். அப்போதாவது ஹிட் ஆகுமா? 2006-ல் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்களில் பெரும் பகுதியை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்துவிட்டார்கள். தனக்கு முன்னால் வந்தவர்களில் எத்தனை பேர் எந்தப் பாட்டை டவுன்லோட் செய்தார்கள் என்பது அந்தந்த உலகத்துக்குள் மட்டும் தெரியும். கடைசியில் ஒரே பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது இடம். மிக நல்ல பாட்டு மண்ணைக் கவ்வுவது அரிது, படுமோசமானது ஜெயிப்பதும் அரிது. நடுவில் கிடக்கும் மற்றதெல்லாம் முதலில் வந்த நாலு பேர் எதைத் தொட்டார்கள் என்பதைப் பொறுத்தது. நம் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், எட்டுத் திமிரி இருந்து எட்டிலும் இதே பாட்டை நீங்கள் வெளியிட்டால், ஒன்றில் உங்களுக்கு பேனர் வைப்பார்கள். மற்ற ஏழில் மொபைல் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். இப்போது இருப்பது எத்தனையாவது திமிரி என்பது பாட்டு வெளியாகும்வரை தெரியாது.

இப்படியெல்லாம் செய்முறை எழுதுவது என் கண்டுபிடிப்பு அல்ல. 1988-ல் பிரிட்டனில் ‘டைம்லார்ட்ஸ்’ என்ற பெயரில் முதலிடம் பிடித்த பில் டிரம்மண்டும் ஜிம்மி காட்டியும், அதே வேகத்தில் ‘முதலிடம் பிடிப்பது எப்படி’ என்று புத்தகமே போட்டார்கள். ஆஸ்திரியாவில் எடல்வைஸ் என்ற குழு அதைப் படித்துப் பின்பற்றி உண்மையிலேயே ஐரோப்பாவில் ஹிட் கொடுத்தது. அதே புத்தகத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

கடைசியாக, எதிர்பாராமல் ஹிட் ஆகிவிட்டால் என்ன செய்வது. செய்முறைகளில் விட்டுப்போகும் பகுதி இதுதான், உண்மையில் இங்கேதான் கவனம் தேவை. நம் ராணிப்பேட்டை மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். இரண்டு வயது ஆவதற்குள், 2021 மார்ச் 7-ல், மாவட்டத்தின் அரக்கோணத்துக்காரர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இசை சந்தோஷ் நாராயணன். படம் இல்லை, ஹீரோ இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பிய, நிலமில்லாத பாட்டி வள்ளியம்மாளின் கதைதான் அதன் வேர். உலகமே ஆடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ இருந்தார், எழுதிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு ஒலித்தது, அறிவு அங்கே இல்லை. யார் பங்கு எவ்வளவு என்று மூவரும் தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டி வந்தது. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டால் இதுவரை எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். கோடிக்கணக்கில் பார்வை வந்த பாட்டுக்கு!

எனவே கேலியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நிமிடம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாதபடிதான் சட்டம் இருக்கிறது. ஐபிஆர்எஸ் என்ற உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். மெட்டு யாருடையது, சொல் யாருடையது, குரல் யாருடையது என்று முதல் டேக்குக்கு முன்னால் தாளில் எழுதி நண்பர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ‘நமக்குள்ள என்னடா பேப்பரு’ என்று ஒருவன் சொல்வான். அவனிடம் முதலில் வாங்குங்கள்.

தாளுக்கு மேலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தியாகராஜர் தன் கீர்த்தனைகளில் தன் பெயரையே முத்திரையாக வைத்தார், இருநூறு வருடமாக அதை யாராலும் வெட்ட முடியவில்லை. நீங்களும் உங்கள் பெயரையும் திமிரியையும் பாட்டுக்குள் வையுங்கள். சரணத்தின் மூலையில் வேண்டாம், அங்கே யாரும் போக மாட்டார்கள். ஊரே கத்துகிற இடத்தில், எதுகையோடு பூட்டி வையுங்கள். உங்கள் பாட்டு நிஜமாகவே ஹிட் என்பது அடுத்த தேர்தலில் தெரியும். பிரச்சார ஆட்டோ பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரும், மெட்டு உங்களுடையது, தாளம் உங்களுடையது, உங்கள் பெயர் இருந்த இடத்தில் அதே எதுகைக்கு இழுத்து உட்கார வைத்த வேட்பாளர் பெயர். எதிர்க்கட்சி ஆட்டோவும் பின்னாலேயே வந்தால் இரண்டாவது பாட்டுக்கு மெட்டுக் கட்ட ஆரம்பிக்கலாம்.