டிரங்குப் பெட்டி மாமா

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். லயத்தில் தீப்பிடித்தால் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் மட்டும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கேட்டால், “புள்ள தானா ஓடியாந்திரும், காயிதம் ஓடியாருமா?” என்பார்.

பெட்டிக்குள் இருப்பது நகையல்ல. இந்தியாவிலிருந்து வரும் வழியில் தாத்தாவுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலின் நகல், கூப்பன் புத்தகம், சங்கத்துக்குச் சந்தா கட்டிய துண்டுகள். எல்லாம் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றிக் கிடக்கும். நாம் கண்ணால் பார்க்கலாம். கையால் தொட்டால் விரட்டுவார்.

வயதைக் கேட்டால் பிரஜாவுரிமைச் சட்டத்தைச் சொல்வார். “நாப்பத்தெட்டுச் சட்டத்தப்ப கைப்புள்ள. சாஸ்திரி ஒப்பந்தத்தப்ப பேர் பதிஞ்சேன். இந்திராம்மா ஒப்பந்தத்தப்ப கல்யாணம்.”

இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமை கேட்க வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் விளக்கும் அழகே தனி. 1946க்கு முன் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும்: கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம். “கல்யாணம் கட்டுனவன் எங்க ஓடப்போறான்னு மூணு வருசம் தள்ளுபடி குடுத்திருக்கான்.” 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கினார்கள். மிச்சம் 1,50,000 பேரை, 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். “ரெண்டு பக்கமும் கணக்கு சரியா இருந்திச்சு. எங்களத்தான் யாரும் கேக்கல.”

அவருடைய அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி மூட்டை கட்டி வைத்திருந்தார். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. ஆக ஒரே லயத்தில் அண்ணன் இந்தியர், தம்பி நாடற்றவர், மச்சான் இலங்கையர். தீபாவளிக்கு மூவரும் ஒரே ஆட்டுக்குப் பங்கு போட்டார்கள். அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.

2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை என்றது. மாமாவும் இலங்கையரானார். இனியாவது பெட்டியை மூடுவார் என்று மாமி நினைத்தார். மாமா பெரிய பூட்டாக ஒன்று வாங்கினார். “குடுத்தவன் திருப்பிக் கேட்டா?”

இப்போது யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மருத்துவிச்சி படியிறங்குமுன் வந்துவிடுவார். பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பார்க்கமாட்டார். “பேர எப்படி எழுதப்போற? சிங்களத்துல எழுதிக் காட்டு.” அவருக்கே மூன்று காகிதத்தில் மூன்று பெயர்: ராமையா, ராமய்யா, ராமாயி. மூன்றாவது பெயரில் அவர் பெண்.

இதைக் கிறுக்கு என்று சிரிப்பது சுலபம். இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்தவர்களை, இங்கேதான் இருக்கிறீர்களா என்று 55 வருடம் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில் வைத்தால், அவருடையது சின்னக் கிறுக்குத்தான். உங்கள் லயத்திலும் ஒரு மாமா இருந்தால், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருதரம் அவரிடம் காட்டிவிடுங்கள். கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்று தெரிந்துகொள்ளும் எழுத்துப் பிழையை அவர் திண்ணையிலேயே சொல்லிவிடுவார். ஒரு பிளேன்டீ கொடுத்தால் போதும்.