பாதுகாப்பாகக் கொள்ளை போவது எப்படி?

இந்த நாட்டில் பிளாக்கில் விற்காத சரக்கு ஒன்று உண்டென்றால் அது அறிவுரைதான். கேட்காமலே கிடைக்கும், வரிசையில் நிற்க வேண்டாம், கட்டணம் கிடையாது. இணையத்தில் கச்சேரி டிக்கெட்டோ கிரிக்கெட் டிக்கெட்டோ வாங்கி ஏமாந்தவன் வீட்டு வாசலில் அது மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கும்போது உஷாராக இருங்கள், இணைய முகவரியைச் சரிபாருங்கள், விற்கிறவர் யோக்கியரா என்று விசாரியுங்கள். போலீஸ் சொல்கிறது, வங்கி சொல்கிறது, விற்கிற தளமே சொல்கிறது. திருடனைத் தவிர எல்லோருக்கும் புத்தி சொல்லியாகிவிட்டது.

என் பங்குக்கு நானும் சொல்வேன். அதற்கு முன்னால் யார், எதை, எப்படி விற்றார்கள் என்று பார்த்துவிடலாம்.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் அடுத்த ஜனவரியில் நடக்கவிருந்த கோல்ட்ப்ளே இசைக்குழுவின் கச்சேரிக்கு, புக்மைஷோ டிக்கெட் தளத்தில் பகல் 12 மணிக்கு விற்பனை தொடங்கியது. தளம் படுத்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்தபோது, உங்களுக்கு முன்னால் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணைக் காட்டியது. 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை டிக்கெட். இரண்டு நாள் கச்சேரி போதாதென்று மூன்றாவது நாளையும் அன்றே அறிவித்தார்கள். அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் காலி. லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைக்காத அந்த டிக்கெட், அன்றைக்கே வியாகோகோ மாதிரியான மறுவிற்பனைத் தளங்களில் லட்ச ரூபாய்க் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொங்கியது டிக்கெட்தானா என்பது வேறு கேள்வி. கையில் இல்லாத டிக்கெட்டைப் பெரிய விலைக்கு விற்றுவிட்டு, பிறகு ஊரெல்லாம் தேடிச் சின்ன விலைக்குப் பிடித்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். கிடைத்தால் கொள்ளை லாபம். கிடைக்காவிட்டால், வருந்துகிறோம், பணம் திரும்ப வரும் என்று ஒரு மின்னஞ்சல். ரயிலேறி வந்து லாட்ஜில் தங்கி மைதான வாசலில் நிற்கிறவனுக்கு ரயில் காசையும் லாட்ஜ் காசையும் யாரும் தரப்போவதில்லை.

பிறகு நடந்தது நம் நாட்டுக்கே உரிய கூத்து. அந்தத் தளங்களோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று புக்மைஷோ போலீசுக்குப் போனது. போலீஸ், புக்மைஷோவின் தலைமை நிர்வாகிக்கே சம்மன் அனுப்பியது. அக்டோபர் கடைசியில் அமலாக்கத் துறை, கோல்ட்ப்ளேயோடு பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் கச்சேரி டிக்கெட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, ஐந்து மாநிலங்களில் சோதனை போட்டது. பொதுநல வழக்கு ஒன்று மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், இது சட்டம் இயற்றுகிறவர்கள் பார்க்க வேண்டிய வேலை என்று 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. அதே ஜனவரியில் 18, 19, 21 தேதிகளில் கச்சேரி ஜாம் ஜாம் என்று நடந்து முடிந்தது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 112ஆம் பிரிவில், சங்கிலி பறிப்பு, சூதாட்டம், கேள்வித்தாள் விற்பனை ஆகியவற்றுக்கு நடுவே, அனுமதி இல்லாமல் டிக்கெட் விற்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கும்பலாகச் செய்தால் ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. ஆனால் அந்தப் பிரிவின் தலைப்பே சில்லறைக் குற்றங்களுக்கானது. சில்லறையாகச் செய்கிறவன் மாட்டுவான். மொத்த வியாபாரிக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

சில்லறை வியாபாரியை நமக்குத் தெரியும். முதல் நாள் முதல் காட்சிக்கு, 'ஹவுஸ்ஃபுல்' பலகையை மாட்டிய மறுநிமிடம், நம் தோளை உரசிக்கொண்டு போவான். முகம் வேறு பக்கம் பார்த்திருக்கும். உதடு அசையாது. "பால்கனி நூறு, பால்கனி நூறு" என்று குரல் மட்டும் வரும். போலீஸ் தலை தெரிந்தால் டிக்கெட் பீடிக்கட்டுக்குள் போய்விடும். மாட்டினால் லத்தியடி, ஸ்டேஷன், ஒரு ராத்திரி. இன்றைக்கும் ஐபிஎல் வந்தால் சேப்பாக்கத்தைச் சுற்றி இந்த மாதிரி ஆட்களைப் பிடித்துப் பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறார்கள்.

அந்த ஆளிடம் ஒரு யோக்கியம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிக்கெட் அவன் கையில் இருந்தது. நூறு என்றால் நூறு. வசதிக் கட்டணம், சேவைக் கட்டணம், அதற்கு வரி என்று கடைசியில் நீட்ட மாட்டான். நாமே தேர்ந்தெடுக்கப்பட்ட பாக்கியசாலி என்று நம்மை நம்பவைக்க மாட்டான். உள்ளே விடவில்லையென்றால் வெளியே வந்து சட்டையைப் பிடிக்கலாம்.

மொத்த வியாபாரியின் கதை இப்படிப் போகிறது. அமெரிக்காவில் எரிக் பேக்கர் என்பவர் 2000இல் ஸ்டப்ஹப் என்ற மறுவிற்பனைத் தளத்தை இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். அங்கிருந்து வெளியே வந்து, 2006இல் லண்டனில் வியாகோகோவை ஆரம்பித்தார். 2020இல் அந்த வியாகோகோ, பழைய ஸ்டப்ஹப்பையே 405 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2025 செப்டம்பரில் ஸ்டப்ஹப் பங்கு நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. தியேட்டர் வாசலில் செய்தால் லத்தி. உலகம் பூராவும் செய்தால் பங்குச் சந்தையில் மணி அடித்து வரவேற்பு.

இவர்களைச் சும்மா விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2020இல் வியாகோகோவுக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதிகாரபூர்வ விற்பனையாளர் போலக் காட்டிக்கொண்டது ஒரு குற்றம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான டிக்கெட்டே பாக்கி என்று பதற வைத்தது இன்னொன்று. பாக்கி என்றது தன் தளத்தில் இருந்ததை மட்டும். 27.6 சதவீத முன்பதிவுக் கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைத்தது மூன்றாவது.

இந்த வித்தைகளெல்லாம் நம் ஊர் திரைகளுக்கும் பழக்கம்தான். 6,000 ரூபாய் என்று பார்த்து உள்ளே நுழைகிறீர்கள். மேலே ஒரு கடிகாரம் 9:59, 9:58 என்று இறங்க ஆரம்பிக்கிறது. 'இந்த டிக்கெட்டை இப்போது 41 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு சிவப்புப் பட்டை எட்டிப் பார்க்கிறது. யார் அந்த 41 பேர், அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று யோசிக்க நேரம் தருவதில்லை. பணம் கட்டும் பக்கத்துக்கு வரும்போது 6,000 பெருத்து 8,000 ஆகியிருக்கும். அதற்குள் வீட்டில் எல்லோரிடமும் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருப்பீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தகிடுதத்தங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. பொய் அவசரம் காட்டுவதும் விலையைத் துளித்துளியாக ஏற்றுவதும் அதில் உண்டு. அந்தக் கடிகாரம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சரி, அறிவுரை. தேடுபொறியில் முதலில் வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். பாடகர் அல்லது அணியின் சொந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போங்கள். ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் ஆகாது. ஒரே பார்கோடை ஐந்து பேருக்கு அனுப்பலாம். வாசலில் முதலில் காட்டுகிறவன் உள்ளே போவான், மற்ற நான்கு பேரும் பவுன்சரோடு வாக்குவாதம் செய்வார்கள். விற்ற செயலிக்குள்ளேயே உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியுமென்றால் மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும், "அவசர வேலை, போக முடியவில்லை, பாதிப் பணம் இப்போது" என்று தன் ஆதார் படத்தையும் சேர்த்து அனுப்புகிறவர் அந்த ஆதாரையும் யாரிடமிருந்தோ வாங்கியிருப்பார். தெரியாத ஆளுக்கு யுபிஐயில் போட்ட பணம் திரும்புவது கடினம்; கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் தகராறு எழுப்பவாவது வழி உண்டு. நீங்கள் வாங்கிய டிக்கெட்டைப் பார்கோடு தெரியப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. தாமதித்த ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். நுகர்வோர் உதவிக்கு 1915. புகார் கொடுக்கப் போனால், "பிளாக்கில் ஏன் சார் வாங்கினீங்க?" என்று முதல் கேள்வி உங்களிடமே வரும். அதற்கும் பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்தவனுக்குக் கிடைப்பது, 2,500 ரூபாய் டிக்கெட்டை ஏமாறாமல் 25,000 ரூபாய்க்கு வாங்கும் பாதுகாப்பு. ஜப்பான் 2019லிருந்து லாபத்துக்கு டிக்கெட்டை மறுவிற்பனை செய்வதைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. அயர்லாந்து 2021இல் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுக்கச் சட்டம் போட்டது. வியாகோகோ பிறந்த பிரிட்டனே 2025 நவம்பரில், அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை, செய்ய ஆள் வேண்டும்.

நம் சட்டமன்றத்திலும் டிக்கெட் பிரச்சினை வந்தது. 2023 ஏப்ரலில், சேப்பாக்கம் கவுண்டர் வாசலில் பையன்கள் ராத்திரியெல்லாம் படுத்துக் கிடந்த அதே நாட்களில். அ.தி.மு.க.வின் எஸ்.பி. வேலுமணி எழுந்து, எங்கள் ஆட்சியில் எம்.எல்.ஏ.க்களுக்கு ஐபிஎல் பாஸ் கொடுத்தோம், இப்போது ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டார். விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின், உங்கள் நண்பர் அமித் ஷாவின் மகன்தானே கிரிக்கெட் வாரியத்தில் இருக்கிறார், நாங்கள் கேட்டால் தரமாட்டார், நீங்கள் கேட்டு ஆளுக்கு ஐந்து டிக்கெட் வாங்கிக் கொடுங்கள் என்று பதில் சொன்னார்.