கன்னம் வைத்த காவல்காரர்

1977-ல் வந்த கமோடோர் பெட் கணினியில் ஹார்டுவேரோடு பேச யாருடைய சிபாரிசும் வேண்டாம். ‘போக் 59458,62’ என்று தட்டினால் திரையில் எழுத்து வேகமாக ஓடும். பின்னால் வந்த பெட்களில் திரைச் சுற்று மாறிவிட்டது. அதே வரி அங்கே திரைக்கே உலை வைத்தது. ‘கொலைகார போக்’ என்று பெயரும் வாங்கியது.

லினக்ஸ் பெரியவர்கள் அந்தத் தொல்லையே வேண்டாமென்று ஹார்டுவேரின் ரெஜிஸ்டர்களைக் கெர்னலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாதாரண நிரல்கள் ஓடும் யூசர் ஸ்பேஸ் திண்ணையோடு சரி. அந்நாளில் திரையை வரையும் எக்ஸ் சர்வர் மட்டும் ரூட் அதிகாரத்தோடு, டெவ்-மெம் வழியாக, கிராபிக்ஸ் கார்டின் ரெஜிஸ்டரில் நேரே கை வைத்தது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

2008 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னல் 2.6.27-ன் சோதனைப் பதிப்பை ஓட்டியவர்களின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் வரிசையாகப் படுத்தன. கார்டு தன் முகவரியை எழுதிவைத்திருக்கும் நிலைநினைவகமே நாசம். ரீபூட் செய்தும் பிழைக்கவில்லை. சந்தேகம் யார் மேல்? வழக்கமான கேடி எக்ஸ் மேல்தான்.

அக்டோபரில் ஆள் பிடிபட்டார்: கெர்னலின் ஓட்டத்தை வேவு பார்க்கும் எஃப்டிரேஸ். கெர்னலின் சொந்தப் பிள்ளை! வேலை முடிந்து நீக்கப்பட்ட கோடின் முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு திருத்தப் போயிருக்கிறார். அதற்குள் அந்த இடத்தில் கார்டு குடியேறிவிட்டது. ‘பழைய கோடு இருந்தால் மாற்று, இல்லையேல் விட்டுவிடு’ என்பதுதான் உத்தரவு. ஆனால் எக்ஸ்86 சில்லு விட்டுவிடும்போதும், படித்ததையே திரும்ப எழுதிவைக்கும். சாதாரண மெமரிக்கு அது உறைக்காது. கார்டுக்கோ எழுதுவதென்றாலே கட்டளை. 2.6.27.1-ல் எஃப்டிரேஸின் அந்த வசதியை முடக்கினார்கள். எக்ஸிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்பதை விடுங்கள்.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டே, 2.6.23-ல், யூசர் ஸ்பேஸிலேயே டிரைவர் எழுத வழிசெய்யும் யூஐஓ வந்திருந்தது. ரெஜிஸ்டரை எம்மேப் செய்துகொள்ளலாம். ரீட் செய்தால் இன்டரப்ட் எண்ணிக்கை வரும். டிரைவர் செத்தால் பெரும்பாலும் ஒரு ப்ராசஸ்தான் போகும், மொத்தப் பெட்டியும் மல்லாந்துவிடாது. ‘சாதனமே நேராக மெமரியைத் தொடும் டிஎம்ஏ வழியாக மெமரி முழுக்க மேய்ந்துவிட்டால்?’ என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2012-ல் 3.6-ல் வந்த விஎஃப்ஐஓ, சாதனம் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவைக் காவலுக்கு வைத்துப் பதில் சொன்னது. அதற்குப் பிறகும் யூசர் ஸ்பேஸுக்குக் கதவை ஒருக்களித்துத் திறப்பானேன், அகலத் திறக்கலாமே என்பது என் கட்சி.

விஎஃப்ஐஓவும் லேசுப்பட்டதில்லை. ஒரு கார்டைக் கேட்டால், அதே ஐஓஎம்எம்யூ குழுவில் உள்ள பக்கத்துச் சாதனங்களையும் கெர்னல் டிரைவரிடமிருந்து பிரித்துவிட்டு வா என்கிறது.