மீண்டும் சேர்ந்த இரட்டையரும் தீராத வழக்கும்: சங்கரன்கோவில் வட்டார ரசிக மரபு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிரிந்த இசை இரட்டையர் மறுபடி சேர்ந்தால் ரசிகர் மகிழ்வார் என்பது அறிஞர் பலரின் நம்பிக்கை. அது தவறு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிரிவு ரசிகருக்கு ஒரு வழக்கைத் தருகிறது. இரட்டையர் சேர்ந்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். கட்சிக்காரர்கள் சமாதானமானாலும் வக்கீல்கள் விடுவார்களா?

1. ஆய்வுக்களம்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் ஆய்வுக்களமானது தற்செயல் அன்று. தலபுராணப்படி, சங்கன், பதுமன் என்ற இரு நாகராசர்கள் சிவன் உசத்தியா, திருமால் உசத்தியா என்று மோதிக்கொண்டார்கள். கோமதி அம்மன் தவமிருக்க, வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாய்ச் சங்கரநாராயணர் காட்சி தந்தார். ஆக, நாட்டின் மிகப் பழைய ரசிகர் மன்றத் தகராறு பதிவான ஊர் இதுவே. இத்துறையில் இந்த ஊருக்கு உள்ள மூப்பு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை.

2. வழக்கின் வரலாறு

இந்த ஊர் இன்று நடத்தும் வழக்கு, தமிழ்த் திரையிசை இரட்டையர் விஸ்வநாதன்-ராமமூர்த்தி பற்றியது. திருச்சிக்காரர் டி. கே. ராமமூர்த்தி பிடில் வித்வான். எம். எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்து ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர். இருவரும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் குழுவில் இருந்தார்கள். 1952ல் அவர் மறைந்தபின் பாதியில் நின்ற வேலைகளை முடித்துக்கொடுத்து, அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் இரட்டையராக அறிமுகமானார்கள். 1963ல் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம். 1964ல் ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’. 1965ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்தது. அந்த ஆண்டே பிரிவும் வந்தது.

பிறந்த ஆண்டுப்படி ராமமூர்த்தி (1922) மூத்தவர், விஸ்வநாதன் (1928) இளையவர். டைட்டிலில் இளையவர் பெயர் முன்னால் வந்தது. இரு பெயருக்கும் நடுவிலிருந்த சின்னக் கோடு பற்றி டீக்கடைகளில் நடந்த விவாதம், சட்டமன்றத்தில் பல மசோதாக்களுக்குக் கிடைத்ததைவிட நீண்டது. 30 ஆண்டுகள் கழித்து, 1995ல், சத்யராஜ் நடித்து சந்தானபாரதி இயக்கிய ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள்.

3. தரவாளர் வகைப்பாடு

அ) பிடில் கட்சி. 1965க்கு முந்திய பாட்டில் வயலின் கேட்டால் அது ராமமூர்த்தி. பிந்திய பாட்டில் கேட்டால், ராமமூர்த்தியிடம் படித்துக்கொண்டது. வயலினே இல்லாவிட்டால், “பாத்தீரா வே, அவரு போனதும் பாட்டு எப்படி வத்திப்போச்சுன்னு!”

ஆ) ஆர்மோனியக் கட்சி. பிரிவுக்குப் பின் விஸ்வநாதன் இசையமைத்த படங்களின் பட்டியலை நீட்டும். ராமமூர்த்தி தனியே இசையமைத்த ‘தேன்மழை’, ‘நான்’, ‘தங்கச் சுரங்கம்’ ஆகியவற்றைக் காட்டினால், “அதெல்லாம் சேந்திருந்தப்பவே போட்டு வெச்ச மெட்டு அண்ணாச்சி” என்று ஆவணமின்றி வாதாடும்.

இ) சமரசக் கட்சி. “ரெண்டு பேரும் சேந்தாத்தான் பாட்டு” என்பதே இதன் கொள்கை. இருவரும் சேர்ந்த 1995ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் முதல் வரியைச் சொல்லச் சொன்னால் டீ ஆறிவிட்டதாகச் சொல்லி எழுந்துவிடும்.

4. தீர்ப்பு முறை

மறுவருகைப் பாட்டு பழைய சாயலில் இருந்தால், “அரைச்ச மாவையே அரைக்காவ.” புதிய சாயலில் இருந்தால், “இது அவுஹ பாட்டு மாதிரியே இல்லையே.” விடுதலைக்கு வழியில்லாத இந்தச் சட்டத்தைத்தான் மூன்று கட்சிகளும் ஒருமனதாக ஏற்கின்றன.

சூழ்நிலைச் சாட்சியமும் எதிராக இருந்தது. 1995 என்பது ‘பாட்ஷா’வும் ‘பம்பாய்’ படமும் கேசட் கடைகளை ஆண்ட வருடம். அவர்களுக்குப் பாட்டெழுதிய கண்ணதாசன் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. திரும்பி வந்தவர்கள் இருவர். ரசிகர் எதிர்பார்த்ததோ 1964ஐ முழுசாக, அப்போது தமக்கிருந்த தலைமுடி உட்பட.

5. அயல்நாட்டு ஒப்பீடு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் தொடங்கிய ‘சாஃப்ட் செல்’, ஒரு பாடகரும் ஒரு சிந்தசைசர்காரரும் சேர்ந்த இணை. 1984ல் பிரிந்தது, 2002ல் மறுவருகை ஆல்பம். 2018ல் லண்டனில் விடைபெறும் கச்சேரி நடத்திவிட்டு, 2022ல் இன்னொரு ஆல்பம். எத்தனை ஆல்பம் போட்டாலும் கூட்டம் கேட்பது 1981ல் வந்த ‘டெய்ண்டட் லவ்’ பாட்டைத்தான். அதுவோ 1964லேயே குளோரியா ஜோன்ஸ் பதிவுசெய்த பாட்டு. ரசிகர் மனம் லீட்ஸிலும் நம் ரதவீதியிலும் ஒன்றே.

6. மேடை தரும் முரண்பாடு

2012ல் முதல்வர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்று கௌரவித்து, ஆளுக்கு 60 பொற்காசும் ஒரு காரும் வழங்கினார். பிடில் கட்சி இதைச் சான்றாக ஏற்கவில்லை: “ஒரே காராக் குடுத்திருந்தா சேந்துட்டாவன்னு ஒத்துக்கிடலாம்.”

ஆனால் கோயில் கொடை மேடையில் நிலைமை வேறு. அங்கே கீபோர்டு தம்பி ஒரு பொத்தானை அமுக்கி ராமமூர்த்தியின் வயலின் வரிசை முழுவதையும் வலக்கையால் வாசிக்கிறார். விஸ்வநாதனை இடக்கை பார்த்துக்கொள்கிறது. மூன்று கட்சிகளும் விசிலடிக்கின்றன. அசல் இருவரும் சேர்ந்தபோது கிடைக்காத சான்றிதழ், பத்து விரலில் அவர்களைச் சேர்த்துவைக்கும் பையனுக்கு எளிதாகக் கிடைக்கிறது. பழைய பாட்டு என்பதால் வழக்குக்கு வாய்தா.

7. எதிர்வாதமும் மறுப்பும்

‘அம்மனே தவமிருந்து வாங்கிய சேர்க்கையாயிற்றே, அதை யார் குறை சொல்வார்?’ எனலாம். இக்கோயிலின் ஆடித்தபசு விழாவைக் கவனியுங்கள். மாலையில் சங்கரநாராயணர் காட்சி. விவசாயிகள் பருத்தியும் மிளகாய் வற்றலும் சூறைவிடக் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் விழா அதோடு முடிவதில்லை. சுவாமியைப் பழைய உருவிலேயே காண வேண்டும் என்று அம்மன் மறுபடி தவம் இருக்க, இரவில் சங்கரலிங்கராக இரண்டாம் காட்சி. தவமிருந்து சேர்க்கையைப் பெற்றபின்னும், பழைய வடிவத்தைக் கேட்கும் உரிமை பக்தருக்கு உண்டு என்பதற்கு இதைவிட வலுவான முன்தீர்ப்பு இல்லை.

8. பரிந்துரைகள்

மீண்டும் சேர எண்ணும் இரட்டையர் முதலில் பழைய பாட்டைப் பாடுக. புதுப் பாட்டை, வெளிவராமல் போன 1964ஆம் ஆண்டுப் படத்தில் இடம்பெற்றது என்று அறிவித்துப் பாடுக. கார் வாங்கினால் ஒன்றே வாங்குக. யார் எந்த மெட்டைப் போட்டார் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியிடற்க: அதை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் பல டீக்கடைகள் நடக்கின்றன.