அங்குலக்காரர்

வட கரோலினாவின் மேற்கு மூலையில், ஆஷ்வில் பக்கத்து மலைகளில், டிசம்பர் பிறந்துவிட்டால் சில ஆண்கள் வீட்டில் இருந்தும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் உடம்பு இருக்கும். உயிர், மெக்சிகோ வளைகுடாவின் மேல் இன்னும் பிறக்காத ஒரு காற்றழுத்தத் தாழ்வைத் தேடிப் போயிருக்கும். அப்படி ஒருவருக்கு மூன்று குளிர்காலம் அடுத்த வீட்டுக்காரனாக இருந்தவன் நான். பெயர் வேண்டாம். அங்கே தெருவுக்கு ஒருவர் உண்டு. யாருக்குப் பொருந்துகிறதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

நம்மாள் ஓய்வு பெற்றவர். என்ன வேலை பார்த்தார் என்று ஒருமுறை சொன்னார், மறந்துவிட்டேன். அவருக்கே அது அவ்வளவாக நினைவில்லை என்பது என் சந்தேகம். 1993 மார்ச் பனிப்புயல் மட்டும் மணிக்கணக்கு பிசகாமல் நினைவிருக்கிறது. நம் ராமேஸ்வரத்துப் பெரியவர்களுக்கு 1964 தனுஷ்கோடிப் புயல் எப்படியோ, அப்படி. மிட்செல் மலையில் 50 அங்குலப் பனி, எல்லைக்கு அந்தப்புறம் டென்னசியில் லெகாண்ட் மலையில் 56 அங்குலம். பெட்ரோல் விலையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நாலாவது வாக்கியத்தில் தொண்ணூற்று மூன்றுக்கு வந்துவிடுவார்.

அவருடைய நாள் சூரியனை வைத்து நடப்பதில்லை; வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களை வைத்து நடக்கும். அமெரிக்க வானிலை மாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை கணக்குப் போட்டு, 384 மணி நேரம், அதாவது பதினாறு நாள் முன்னால்வரை படம் காட்டுகிறது. பத்தாம் நாளுக்கு அப்புறம் அது சொல்வது ஏறக்குறையக் கிளி ஜோசியம். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும், பதினோராம் நாளில் இருபது அங்குலம் என்று கிளி சீட்டை எடுத்துவிட்டால் போதும், வேலியோரம் வந்து நிற்பார்.

“நான் ஒண்ணும் சொல்லலை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எங்கேயும் போறதா இருந்தா யோசிச்சுக்கோ.”

ஆறு மணி நேரத்தில் அடுத்த கணக்கு வரும். புயல் முந்நூறு மைல் நகர்ந்து கடலுக்குள் போயிருக்கும். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, கடைசியில் கை நழுவிய சம்பந்தம்போல ஆகிவிடும் அவர் முகம். ஆனால் ஒரு ஜோசியர் கைவிட்டால் இன்னொருவர் இல்லையா? ஐரோப்பிய மாடல் இருக்கிறது. இத்தாலியில் பொலோன்யா நகரத்துக் கணினி போடும் கணக்கு அது. இவருக்கு வந்துசேர இரவு ஒரு மணி தாண்டிவிடும். அதற்காக விழித்திருப்பார். அதுவும் கையை விரித்தால் கனடா மாடல், அப்புறம் ஜெர்மன் மாடல். உலகத்தில் எந்த நாடாவது அவர் கொல்லைப்புறத்துக்குப் பனி தருவதாகச் சொல்லும்வரை தூக்கம் கிடையாது.

அவர் மனதை உடைப்பதற்கென்றே இயற்கை சில ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறது. முக்கியமானது மூக்கு. தரையில் குளிர், மேகத்தில் குளிர், நடுவே ஐயாயிரம் அடி உயரத்தில் மட்டும் ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கு நுழைந்துவிடும். வரைபடத்தில் அது மூக்குபோலத் துருத்திக்கொண்டு நிற்பதால் வானிலைக்காரர்கள் ‘வெப்ப மூக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பஞ்சாகப் புறப்பட்ட பனி அதில் உருகி, கீழே குருணையாகவோ, தொட்ட இடத்தில் கண்ணாடியாய் உறையும் மழையாகவோ வந்து விழும். ஓரிரு டிகிரி செய்கிற வேலை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் கண்டதில்லை.

இன்னொன்று மலை. வடமேற்குக் காற்று ஏறிவரும்போது டென்னசி எல்லைச் சிகரங்களில் பனியைக் கொட்டிவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கில் வறண்டு, சூடேறி இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறை நனைய, பல்லடம் வெறும் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறதே, அதே கதை. முப்பது மைலில் இருப்பவருக்கு எட்டு அங்குலம், இவருக்கு ஜன்னலில் ஈரம். அன்றைக்கு அவரோடு பேசக்கூடாது.

நம்பிக்கை மட்டும் வற்றாது. முன்னறிவிப்பில் வெப்பம் பாரன்ஹீட்டில் 37 என்று இருந்தால் நான் “மழைதான்” என்பேன். “காற்று வறண்டிருக்கு, விழுற ஈரம் ஆவியாகி ஆவியாகிக் குளிர வைச்சிடும், 32க்கு இறங்கிடும் பாரு” என்பார். யோசித்துப் பார்த்தால் நம் மண்பானைத் தண்ணீரின் சூத்திரம்தான். சில நாள் பலித்தும் இருக்கிறது, அதுதான் பிரச்சினையே.

விஞ்ஞானம் பேசுகிறவர்தான். ஆனால் அக்டோபரில் பேனர் எல்க் ஊரில் கம்பளிப்புழு திருவிழா நடக்கும். புழுக்களை நூலில் ஏறவிட்டுப் பந்தயம். ஜெயித்த புழுவின் உடம்பில் உள்ள பதின்மூன்று வளையங்களின் நிறத்தைப் பார்த்து, வரப்போகும் குளிர்காலத்தின் பதின்மூன்று வாரங்களுக்குப் பலன் சொல்வார்கள். “சும்மா பேரப்பிள்ளைகளுக்காகப் போனேன்” என்று திரும்பி வருவார். பேரப்பிள்ளைகள் இருப்பது கலிபோர்னியாவில். இரவுச் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் ஸ்பூன் வைத்துப் படுத்தால் பனி விழும் என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நம்பிக்கை. அவர் வீட்டில் ஸ்பூன் குறைகிறது என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னதை இங்கே நான் பெரிதுபடுத்தவில்லை.

ஒருநாள் எல்லா நாடுகளும் ஒத்துப்போயின. கடைகளில் பாலும் பிரெட்டும் காலி. பனி வந்தால் அந்த ஊர்க்காரர்கள் ஏன் பாலும் பிரெட்டும் மட்டுமே தின்கிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ராடாரில் எங்கள் தலைக்கு மேலே பனியைக் காட்டும் நீலம்; தரையில் ஒன்றுமில்லை, வறண்ட காற்று பாதி வழியிலேயே குடித்துவிடுகிறது. அவர் தெருவிளக்கடியில் அண்ணாந்து நின்றார். பன்னிரண்டரைக்கு முதல் செதில் விளக்கொளியில் இறங்கியபோது கதவைத் தட்டி என்னையும் எழுப்பிவிட்டார். எனக்கு அலுவலகம் உண்டு என்பதை நான் சொல்ல, அவர் சிரித்தார். அந்தப் பனியில் அவர் சிரித்ததும் சரியாகத்தான் இருந்தது.

காலையில் அளவை. இதற்கு வெள்ளை பூசிய பலகை ஒன்று வேண்டும். புல்லில் அளந்தால் புல்தாளுக்கடியில் காற்று நின்று கணக்கு கூடிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக்கூடாது. அடிக்கடி துடைத்தால் பனி தன் பாரத்தில் அமுங்க வழியில்லாமல் மொத்தம் ஊதிப்போகும். 2016 ஜனவரிப் பனிப்புயலில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் பலகையே பனிக்குள் தொலைந்துபோய், அங்கே பதிவான 17.8 அங்குலம் பெரிய சர்ச்சையானது. பக்கத்து டல்லஸ் விமான நிலையத்தில் 29.3. அந்த வித்தியாசத்தை அவர் சொந்தச் சொத்துத் தகராறுபோலச் சொல்வார்.

எங்கள் பலகையில் 6.4. முகம் பூத்தது. அப்போது மேட்டுத்தெருவில் இருக்கும் இன்னொரு அங்குலக்காரர் கூப்பிட்டார்: 8.1. எங்களைவிட நூற்றைம்பது அடிதான் உயரம்.

“புல்லில் அளந்திருக்கான்” என்றார் நம்மாள். “இல்லேன்னா மணிக்கொருதரம் துடைச்சிருக்கான்.” ஸ்கேலை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, மேடேறக் கிளம்பினார். விழுந்துவிடுவாரே என்று நானும் பின்னால் போனேன். வளைவு திரும்பினால், எதிரே மேட்டுத்தெருக்காரர் இறங்கி வந்துகொண்டிருக்கிறார், கையில் ஸ்கேல். 6.4 என்பது நம்பும்படி இல்லையாம்; பலகையைக் கூரைக்கடியில் வைத்திருக்கிறோமா என்று பார்க்க வருகிறாராம்.

இருவரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு அங்கே நின்றிருந்த யாருடையதோ ஒரு காரின் கூரைமேல் ஆளுக்கொரு பக்கமாக ஸ்கேலைக் குத்தி, குனிந்து பார்த்தார்கள்.

“கார் கூரை கணக்கில் வராது” என்றார் ஒருவர்.

“வராது, வராது” என்றார் மற்றவர். “எவ்வளவு காட்டுது?”